பேரேட்டுக்கு வாடகை: தென்காசிக் கடைகளும் சந்தா மென்பொருளும்

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கி, ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. குற்றாலத்தில் நண்பர் ஒருவர் நடத்தும் 14 அறை லாட்ஜில், வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேனில் வந்த குடும்பம் ஒன்று அருவியில் குளித்த கையோடு ஈரத்துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து அறை கேட்டது. மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் சிவப்புப் பட்டை: சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்தால் தொடரலாம்.

“அண்ணாச்சி, உள்ளயே விட மாட்டேங்கு” என்றார் மேனேஜர்.

புது பில் போட முடியாதது ஒரு பக்கம். போன சீசனில் யார் எந்த அறையில் தங்கினார்கள், எவ்வளவு கட்டினார்கள், அதில் வரி எவ்வளவு என்ற பதிவுகளும் அந்தச் சிவப்புப் பட்டைக்குப் பின்னால் போயிருந்தன. ஆடிட்டர் கேட்டிருந்த பட்டியலை அன்றைக்குத்தான் எடுத்துக் கொடுப்பதாக இருந்தது. மேனேஜர் மேசை இழுப்பறையிலிருந்து நீளவாக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். மேலே பிள்ளையார் சுழி போட்டு, தேதி எழுதி, குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டார்.

சாயங்காலமே நண்பர் ஒரு வருடத்துப் பணத்தைக் கட்டிவிட்டார். கதவு திறந்தது. தொகை பெரிதில்லை; அவரை உறுத்தியது வேறு. “ரூம் என்னுது, வந்த ஆளு என்னுது, வரி கட்டினது நான். என் கணக்கப் பாக்க நான் யாருட்ட கேக்கணும்?” என்றார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

வாடகை என்பது குற்றாலத்துக்குப் புதிதில்லை. அருவிக்கரையில் சீசன் கடை போடுகிறவர்கள் ஏலத்தில் இடம் எடுத்து, மூன்று மாதம் பழமோ சிப்ஸோ துண்டோ விற்று, சாரல் நின்றதும் தட்டியைப் பிரித்துக்கொண்டு கிளம்புவார்கள். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காய்ப்பு முடிந்ததும் விட்டுவிடுவார். இடம் இன்னொருவருடையது, காலம் முடிந்தால் போக வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் கடையைக் காலி செய்கிறவர் கல்லாப்பெட்டியையும் பேரேட்டையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவார். இடத்துக்காரர் பேரேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சந்தா மென்பொருளில் இடத்தோடு சேர்த்துப் பேரேடும் வாடகைக்குள் போய்விடுகிறது. என் கவலை அதுதான். வாடகைமுறையே தீமை என்று நான் சொல்லவரவில்லை. சிறு வியாபாரிக்கு அது கைகொடுக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கணினி உலகில் வாடகைதான் மூத்தது. ஐ.பி.எம். தொடக்க காலத்தில் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கே விட்டது. விற்கவும் வேண்டும் என்று 1956இல் அமெரிக்காவில் நீதிமன்ற வழியில் அதைக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. இந்தியாவிலும் பழைய 1401 இயந்திரங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டு நல்ல வருமானம் பார்க்கிறது என்று அந்த நிறுவனத்தின்மேல் கடும் விமர்சனம் எழுந்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்து 1978இல் அது நாட்டைவிட்டு வெளியேறியபோது, இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. வாடகைக்கு விட்டவர் போய்விட்டால் எடுத்தவர் கதி என்ன என்ற கேள்வி இந்த நாட்டுக்கு அப்போதே அறிமுகம்.

பிறகு மேசைக் கணினி வந்தது. மென்பொருள் பெட்டியில் வந்தது. ஃப்ளாப்பியில், பிறகு சிடியில். காசு கொடுத்து வாங்கினோம், அலமாரியில் வைத்தோம். அது பொருள்தானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டாடா கன்சல்டன்சிக்கும் ஆந்திர அரசுக்கும் நடந்த வழக்கில் 2004 நவம்பரில் தீர்ப்பு வந்தது: வட்டில் பதிந்து சந்தையில் விற்கப்படும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. வாங்கியவருக்கு நிரலின் பதிப்புரிமை கிடைக்காது. ஆனால் பிரதி அவருடையது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டலாம். கடைக்காரர் மொழியில் ‘ஒன்டைம்’ என்பது இதுதான்.

திருப்பம் படிப்படியாக வந்தது. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், வாங்கி நிறுவும் மென்பொருளே வேண்டாம், இணையத்தில் வாடகைக்குத் தருகிறோம் என்று சொல்லி வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2011இல் ஆஃபீஸ் 365ஐக் கொண்டுவந்தது. அடோபி 2013 மே மாதம், இனிப் புதிய பதிப்புகள் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது. 2012இல் வந்த சி.எஸ்.6தான் காசு கொடுத்துச் சொந்தமாக்கக்கூடிய கடைசி வரிசை. கட்டட வரைபடக்காரர்கள் நம்பியிருக்கும் ஆட்டோகேட் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது.

ஏன் இப்படி எல்லோரும் ஒரே திசையில் நடந்தார்கள் என்பதற்கு அடோபியின் கணக்கே விடை. 2013 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 400 கோடி டாலர். 2024இல் 2,150 கோடி டாலர். பெட்டி விற்ற காலத்தில் புதுப் பதிப்பு வந்தால்தான் பணம். வாங்கியவர் பழையதே போதும் என்று இருந்துவிட்டால் நிறுவனத்துக்கு அந்த வருடம் வறட்சி. சந்தாவில் மாதம் பிறந்தால் பணம். முதலீட்டாளருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. நம் ஊர் லாட்ஜ்காரர் மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதத்தை ஓட்டுகிறவர். அவருடைய சீசன் வருமானத்திலிருந்து பன்னிரண்டு மாதச் சீரான வருமானத்தை எங்கோ ஒரு நிறுவனம் கட்டிக்கொள்கிறது.

தென்காசியில் இந்த மாற்றம் முதலில் தொட்டது கணக்கையல்ல, கல்யாணப் பத்திரிகையை. கோயில் சன்னதித் தெருக்களிலும் கூலக்கடை பஜாரை ஒட்டிய சந்துகளிலும் டி.டி.பி. கடை, ஃப்ளெக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ என்று சிறிதும் பெரிதுமாக எத்தனையோ உண்டு. இவர்களுடைய ஆயுதங்கள் பேஜ்மேக்கர், கோரல்ட்ரா, போட்டோஷாப். பேஜ்மேக்கரை 1985இல் ஆல்டஸ் வெளியிட்டது; 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது; 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அது நின்றது. அந்தப் பதிப்பு தென்காசியில் இன்னும் ஓடுகிறது.

அப்படி ஓடும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மூலையில் மஞ்சள் பூத்த மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. அதில் இணைய இணைப்பு இல்லை. வைரஸ் வரும் என்று வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் விண்டோஸ் 10 ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், வாட்ஸப்பில் வரும் விவரங்களை வாங்க. ஒரு பென்டிரைவ் இரண்டுக்கும் நடுவில் நாளெல்லாம் நடக்கிறது. மொய் நோட்டு போல வரிசையாகப் பெயர் அடுக்கிய காதணி விழா அழைப்பிதழ் ஒன்றைக் கடைக்காரம்மா எடுத்தார். 2006இல் மூத்த மகளுக்கு அடித்தது. அதே வீட்டில் இப்போது பேத்திக்கு விழா. பழைய கோப்பைத் திறந்து, தாத்தா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ சேர்த்து, தேதியை மாற்றிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

“புதுசுல இது தொறக்காது சார். தொறந்தாலும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும்” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. அடோபியின் இன்டிசைன் சி.எஸ்.6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். சந்தாவுக்கு மாறிய பிறகு வந்த பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். சொந்தமாக வாங்கக்கூடிய கடைசிப் பதிப்போடு பழைய கோப்புகளுக்கான பாலமும் போயிற்று. இன்னொன்று தமிழுக்கே உரிய சிக்கல். அந்தக் காலக் கோப்புகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. தமிழக அரசு 2010இல் யூனிகோடை அரசாணை மூலம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய பல வருடத்து ஊர்க் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் இந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. கடைக்காரம்மாவுக்கு அது முதல். ஒவ்வொரு குடும்பத்தின் பழைய அழைப்பிதழும் தன்னிடம் இருப்பதால்தான் அந்தக் குடும்பம் தன்னிடம் திரும்பி வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரே தடவை காசு கொடுத்தால் கவலையே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடோபி தன் சி.எஸ்.2 வரிசைக்கான ஆக்டிவேஷன் சர்வரை 2013 வாக்கில் நிறுத்தியது. கம்ப்யூட்டர் பழுதாகி மறுபடி நிறுவ வேண்டியவர்கள், நிறுவனம் மாற்று வழி செய்து கொடுத்ததால்தான் தப்பினார்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனால் கடைக்காரம்மாவும் அதே நிலைதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும், ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவும் ஒரே நாளில் முடிந்தன. நிரந்தரம் என்று வாங்கிய உரிமம் நிரந்தரமாகத்தான் இருக்கிறது, அதைத் தாங்கும் தரை நகர்கிறது.

கணக்கு மென்பொருளில் கதை வேறு மாதிரி. அங்கே சந்தாவுக்குத் தள்ளிய பெரிய கை, வரிச்சட்டம். 2017 ஜூலை 1க்கு முன்னால் தென்காசியில் பல கடைகளுக்கு டேலியின் பழைய பதிப்பே போதுமாக இருந்தது. டாங்கிளைச் செருகினால் ஓடும். வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டரிடம் பென்டிரைவில் கொடுத்தால் முடிந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் மாதாந்திர விவரம், 2018 ஏப்ரலில் இ-வே பில் (பாவூர்சத்திரத்திலிருந்து புளியரை தாண்டிக் கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடு), பிறகு இ-இன்வாய்ஸ். லாட்ஜ்காரருக்கு வரி விகிதமே இரண்டு தடவை மாறியது. நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கீழ் வாடகை உள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை வரி இல்லை. மறுநாள் முதல் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சட்டம் இப்படி ஓடும்போது மென்பொருளும் கூடவே ஓட வேண்டும். ஓட வைப்பவருக்கு வருடா வருடம் சம்பளம் கொடுப்பது நியாயம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெங்களூரின் டேலி நிறுவனம் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. 1986இல் கோயங்கா குடும்பத்தில் தந்தையும் மகனும் தொடங்கியது அது. உரிமம் நிரந்தரம், புதுப் பதிப்புகளும் இணையச் சேவைகளும் வேண்டுமானால் ஆண்டுக்கட்டணம், அதோடு மாத வாடகை உரிமமும் உண்டு. அண்மை விலைப்பட்டியலை வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டருக்கான டேலி பிரைம் 22,500 ரூபாய், 18 சதவீத வரியோடு 26,550. முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கட்டணம் 4,500, வரியோடு 5,310. வாடகை மாதம் 750, வரியோடு 885. பத்து வருடத்துக்கு: வாங்கி, ஆண்டுக்கட்டணமும் விடாமல் கட்டினால் 74,340. வாங்கிவிட்டுப் புதுப்பிக்காமலே இருந்தால் 26,550. பன்னிரண்டு மாதமும் வாடகை என்றால் 1,06,200. சீசனுக்கு மூன்று மாதம் மட்டும் வாடகைக்கு எடுத்தால் பத்து வருடத்துக்கு 26,550, வாங்குகிற விலையேதான்.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் குற்றாலத்துக்கு என்றே செய்தது போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நண்பரிடம் காட்டினேன். அவர் ஒரே வரியில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்: “பில்லு போட மூணு மாசம் போதும், கணக்குக் காட்டப் பன்னெண்டு மாசமும் வேணும்லா.” சரிதான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழ் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை விவரம் தாக்கல் செய்யலாம் என்று 2021 முதல் வசதி இருந்தாலும், நாலு காலாண்டுக்கும் கணக்கு வேண்டும். கூட்டமே இல்லாத பங்குனியிலும் மின்கட்டணம், சம்பளம், பெயின்ட் செலவு பதிய வேண்டியிருக்கிறது.

அந்த 18 சதவீதத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரணமாக, வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். இணக்கத் (காம்போசிஷன்) திட்டத்தில் இருக்கிற சிறு கடைக்காரருக்கு அது கிடையாது. 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு 5 சதவீதம் ஆக்கியபோது அந்தக் கழிவும் எடுக்கப்பட்டுவிட்டதால், குற்றாலத்து லாட்ஜ்காரருக்கும் கிடையாது. விலைப்பட்டியலில் ‘வரி தனி’ என்று சின்ன எழுத்தில் இருப்பது அவர்கள் கைப்பணம்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதும் நடக்கிறது. கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கு. தனி ஆள் நடத்தும் மளிகைக் கடைக்கோ கூட்டாளிகள் நடத்தும் மரக்கடைக்கோ பொருந்தாது. இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு. நமது பஜாரில் பெரும்பாலோர் அதற்கு வெகு கீழே. ‘இது இல்லாவிட்டால் அபராதம்’ என்று சொல்லி வருடச் சந்தா எடுக்க வைக்கப்பட்ட கடைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விற்க வந்தவரிடம், விதி எந்த எண், என் கடைக்குப் பொருந்துமா என்று எழுதிக் கேட்பது நல்லது.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்டைம் காலம் என்று நாம் ஏங்கும் காலத்தில் நம் கடைகளில் ஓடியவற்றில் பாதிக்கு மேல் காசு கொடுத்தா வாங்கினோம்? கம்ப்யூட்டர் வாங்கினால் எல்லாம் ‘போட்டுக்’ கொடுப்பார்கள். அது போட்டோஷாப்பா, ஆஃபீஸா, தமிழ் எழுத்துருவா, யாருடைய உழைப்பு என்று யாரும் கேட்கவில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. இதில் அதிகம் நொந்தவர்கள் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் இல்லை. தமிழ் எழுத்துரு செய்து விற்றவர்கள். நிறுவனங்கள் சந்தாவுக்குப் போனதில் திருட்டுப் பிரதிக்குப் பூட்டுப் போடும் நோக்கமும் இருந்தது. அந்தப் பூட்டுக்கு நாமும் இரும்பு கொடுத்திருக்கிறோம்.

நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் நடந்தது இது. திருநெல்வேலி இளைஞர் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் அழகான சரக்கிருப்பு நிரல் எழுதிக் கொடுத்தார். ஒரே தடவை காசு, பிறகு வருடத்துக்கு ஒரு சிறு பராமரிப்புத் தொகை. நாலைந்து வருடத்தில் அவர் வெளிநாடு போய்விட்டார். நிரல் எங்களுடையது, மூலநிரல் எங்களிடம் இல்லை. மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஃபாக்ஸ்புரோவை 9ஆம் பதிப்போடு நிறுத்தி, 2015இல் ஆதரவையும் முடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நிரலில் புது வரிமுறையைச் சேர்க்க ஒருவரும் கிடைக்கவில்லை. 11 வருடச் சரக்கு விவரத்தை மூன்று பேர் இரண்டு மாதம் உட்கார்ந்து கையால் மாற்றினோம். சொந்த வீடுதான், கூரை ஒழுகினால் ஏற ஆள் இல்லாத சொந்த வீடு. நல்ல சந்தா நிறுவனம் இந்தத் துயரத்தைத்தான் தீர்க்கிறது.

அப்படிப்பட்ட ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. பழைய குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ தன் அலுவலகத்தைத் தொடங்கியது. 1996இல் அட்வென்ட்நெட் என்று பிறந்து, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். இங்கே உருவான ஜோஹோ டெஸ்க் 2016இல் வெளிவந்து உலகமெங்கும் சந்தாவில் போகிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு இங்கேயே வந்து குடியேறியதும், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியதும் ஊரறிந்தவை. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறாமல் சைக்கிளிலும் பைக்கிலும் போய் வேலை பார்க்கிறார்கள் என்றால், உலகின் எங்கோ மூலையில் ஒரு சிறு கடை மாதா மாதம் கட்டும் சந்தா அதற்குள் இருக்கிறது. தென்காசியில் உட்கார்ந்துகொண்டு சந்தாவைத் திட்டுகிறவர் இதை எண்ணிப் பார்க்காமல் பேசக் கூடாது.

அதே நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, பெரிய அலுவலகங்களுக்கான மென்பொருளைச் சந்தாவிலும் தருகிறது, நிரந்தர உரிமத்திலும் தந்துவந்திருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நடத்த முடியும் என்பதற்கு இது சாட்சி. பேரம் பேசும் வலுவுள்ள பெரிய வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் தேர்வு, சிறு கடைக்காரருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதற்கும் இது சாட்சி.

வாடகைக்கு விட்டவர் கிளம்பினால் என்ன ஆகும்? குவிக்புக்ஸ் விஷயத்தில் பார்த்தோம். அமெரிக்க நிறுவனமான இன்ட்யூட், இந்தியாவில் குவிக்புக்ஸை நிறுத்துவதாக 2022இல் அறிவித்து, 2023 ஜனவரி 31ஓடு சேவையை முடித்தது. முன்கூட்டியே சொன்னார்கள், தரவை எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு நேர்மையான வெளியேற்றம். ஆனாலும் எடுத்த தரவை இன்னொரு மென்பொருளில் உட்கார வைக்கும் பாடு கடைக்காரர் தலையில்தான் விழுந்தது. அரசியல் காரணத்தால் பூட்டு விழுவதும் உண்டு. அமெரிக்க ஆணை ஒன்றைக் காட்டி 2019 அக்டோபரில் வெனிசுவேலா நாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. பிறகு விலக்குக் கிடைத்துப் பின்வாங்கியது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத் தடைக்குப் பிறகு, குஜராத்தின் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் நிறுவனம் தன் மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாளில் சேவை திரும்பியது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது.

நமது கடைக்காரருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவைப் பாருங்கள்: ஆண்டு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டியவர் வியாபாரி. மென்பொருள் நிறுவனம் வந்து நிற்காது. கடையையே மூடிவிட்டவரும் ஆறு வருடம் சந்தா கட்டினால்தான் தன் கணக்கைப் பார்க்கலாம் என்றால், அரசு போட்ட கடமைக்குத் தனியார் ஒருவருக்கு வாடகை கட்டுவதாக ஆகிறது. 2020, 2021 சீசன்களை எண்ணிப் பாருங்கள். கொரோனாவால் அருவிக்குள் யாரையும் விடவில்லை. குற்றாலத்தில் லாட்ஜ்கள் பூட்டிக் கிடந்தன. அறை வாடகை நின்றது, பேரேட்டு வாடகை நிற்கவில்லை.

இதில் டேலி ஒரு நல்ல பழக்கத்தை வைத்திருக்கிறது. கணக்குக் கோப்பு நம் கம்ப்யூட்டரில் இருக்கும். உரிமம் இல்லாவிட்டாலும் ‘எஜுகேஷனல் மோடில்’ திறந்து பழையதைப் பார்க்கலாம். மாதத்தின் 1, 2, 31ஆம் தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட விடும். வழக்கம் போல எழுத முடியாது, படிக்கலாம். சந்தா விற்கும் எல்லோரும் இந்த அளவுக்காவது வர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. கட்டணம் நின்றால் புது பில்லை நிறுத்துங்கள். பழைய பக்கங்களைப் புரட்டும் உரிமையை நிறுத்தாதீர்கள். வேறு மென்பொருளில் திறக்கிற வடிவத்தில் முழுக் கணக்கையும் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான், கட்டணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வேலை செய்யும்படி வேண்டும். இதைச் சட்டமாக்குவது கடினமில்லை: 72 மாதம் வைத்திரு என்று வியாபாரிக்குச் சொன்ன சட்டம், 72 மாதம் திறந்து காட்டு என்று அதே கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் சொல்லலாம்.

இருக்கிற பாதுகாப்புகளும் சொற்பமில்லை. தானாகப் பணம் எடுக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. 2022இல் வரம்பை உயர்த்தியபின், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஓ.டி.பி. வேண்டும். ஆகவே வங்கிக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிக்காதீர்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஏமாற்று உத்திகள் 13ஐப் பட்டியலிடுகிறது. சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்ற சந்தாப் பொறியும், சத்தமில்லாமல் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும் மென்பொருள் பில்லும் தனித்தனியாக அதில் உள்ளன. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொதுவிதி. சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கியவருக்கு 2019 சட்டம் விலக்குத் தருகிறது. டி.டி.பி. கடைக்காரம்மா அந்த விலக்குக்குள் வருவார் என்றே நான் வாசிக்கிறேன்.

அமெரிக்காவில் அரசே 2024 ஜூனில் அடோபிமேல் வழக்குப் போட்டது. மாதக் கட்டணம் போலத் தெரியும் திட்டம் உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம், நடுவில் விட்டால் மிச்சத்தில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதை மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தை, மாசி முகூர்த்தத்துக்கு மட்டும் என்று எடுத்த ஸ்டூடியோக்காரர்கள் நம்மூரிலும் கவனிக்க வேண்டிய செய்தி. ஆஸ்திரேலியப் போட்டி ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது: கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து விலையை ஏற்றியபோது, பழைய விலையிலேயே ஒரு திட்டம் இருப்பதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று. ரத்து செய்யும் பொத்தானை அழுத்தும்போதுதான் அந்த மலிவுத் திட்டம் கண்ணில் படுமாம்.

மாற்று வழிகள்? ஆஃபீஸ் வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் தாராளமாகப் போதும். இன்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றன.  ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவச பில்லிங் மென்பொருள் கிடைக்க ஜி.எஸ்.டி. வலையமைப்பு 2019இல் ஏற்பாடு செய்தது. நான் கேட்ட கடைகளில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இலவசம் கடைக்குள் வருவதில்லை.

குற்றாலத்து நண்பர் சந்தாவை விடவில்லை. போனிலிருந்தே எந்த அறை காலி என்று பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது. தென்காசியில் வீட்டில் இருந்தபடி லாட்ஜைக் கவனிக்கிறார். ஆனால் மாதக் கடைசியில் அறைவாரிப் பட்டியலையும் வரிப் பட்டியலையும் பி.டி.எஃப்.பில் இறக்கி இரண்டு பென்டிரைவில் வைக்கிறார். மார்ச் 31க்குப் பிறகு மொத்தமாக அச்செடுத்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்து, சாமிபடத்துக்குக் கீழ் அலமாரியில் அடுக்குகிறார். நீள நோட்டும் மேசையில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பில் போட்டதும் மேனேஜர் அதில் ஒரு வரி எழுதுகிறார்: பெயர், அறை எண், தொகை, வரி.